ஊர்களுக்குப் பொருத்தம் பார்த்த செல்லசாமி

ஊசிமலைத் தோட்டத்துச் செல்லசாமி தன் வாழ்நாளில் எத்தனையோ ஜோடிகளுக்குப் பொருத்தம் பார்த்தவர். அந்த ஜோடிகளில் ஒன்றுகூட மனிதர் இல்லை. எல்லாம் ஊர்கள். மாப்பிள்ளை எப்போதும் ஒரு பெரிய பட்டணம். பெண், வெயில் காலம் வந்தால் அந்தப் பட்டணத்துக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிற மலையூர். டில்லிக்குச் சிம்லா, கல்கத்தாவுக்கு டார்ஜிலிங், பம்பாய்க்கு மகாபலேஸ்வரம், மதராஸுக்கு ஊட்டி, கொழும்புக்கு நுவரெலியா.

இந்தப் பத்து ஊர்களில் ஒன்றையும் அவர் கண்ணால் கண்டதில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து ஒன்பது மைலில் இருந்த நுவரெலியாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு இதை நிரூபிப்பதற்குத்தான் நாங்கள் படாத பாடு பட்டோம்.

நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். பெயர் சூசைரட்ணம். ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு கத்திக் கத்தித் தொண்டை போனவன். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்று, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் பேச்சுண்டு. செல்லசாமியைப் பற்றி எழுதும்போது அது வராமலிருந்தால் ஆச்சரியம்தான்.

லிந்துலையிலிருந்து மேலே ஏறினால் ஊசிமலை. அதன் உச்சியில் கம்பெனி விருந்தாளிகளுக்கென்று ஒரு பங்களா இருந்தது. செல்லசாமி அங்கே மேசையில் பரிமாறுகிறவர். அவருடைய அப்பா அதே பங்களாவில் விறகு பிளந்தவர். அதனால் செல்லசாமி தவழுகிற வயதிலேயே பங்களா இங்கிலீஷ் கேட்டு வளர்ந்தார். அவர் மனைவி வேலாயி தேயிலைக் கொழுந்தெடுப்பவள். ஒரு மகள், ஒரு மகன். லயத்தில் என் அறைக்கு நாலு காம்பரா தள்ளிக் குடியிருந்தார்கள்.

ஏப்ரல் மாதம் வந்தால் கொழும்பே மலையேறிவிடும். கம்பெனிக்காரர்கள், அவர்களுடைய கூட்டாளிகள், மதராஸ் ஆபீசிலிருந்தும் கல்கத்தா ஆபீசிலிருந்தும் வருகிற துரைமார், அவர்களுடைய துரைசாணிமார் என்று பங்களா நிறைந்து வழியும். அவர்கள் மேசையில் உட்கார்ந்ததும் பேசுகிற முதல் பேச்சு, இந்தக் குளிர் அந்தக் குளிரைப் போல வருமா என்பதுதான். ஒருவர் சிம்லா என்பார். இன்னொருவர் போங்கள், டார்ஜிலிங் மாதிரி வருமா என்பார். செல்லசாமி ஒரு கையில் ரொட்டித் தட்டும் மறு கையில் வெண்ணெயுமாக நின்று எல்லாவற்றையும் மண்டையில் ஏற்றிக்கொள்வார். இப்படிப் பதினைந்து ஏப்ரல்.

மண்டையில் ஏறியதை எப்படி அடுக்குவது? அவருக்குத் தெரிந்த ஒரே அடுக்கு கல்யாணப் பொருத்தம். அதனால் பத்துப் பொருத்தத்தையும் ஊர்களுக்குப் பார்க்க ஆரம்பித்தார். தினப் பொருத்தம் என்றால் ஒரு பட்டணத்துக்காரன் அந்தக் குளிரில் எத்தனை நாள் தாங்குவான் என்பது. கணப் பொருத்தம் என்றால் அங்கே கூடுகிற கூட்டத்தின் குணம். ஸ்திரீ தீர்க்கம் மைல் கணக்கு. வசியம் என்றால் ஏரி, பூந்தோட்டம், ஸ்ட்ராபெரி. ரஜ்ஜு என்றால் ரயில் பாதை.

நான் வேதக்காரன், மாதா கோயில் ஆள். எங்கள் வீட்டில் ஜாதகம் பார்க்கிற வழக்கமில்லை. ரஜ்ஜு என்றால் என்ன என்று கேட்டேன்.

"கயிறு மாஸ்டர். தாலிக் கயிறு. ஊருக்கும் ஊருக்கும் கயிறு எது? தண்டவாளந்தானே? மத்த ஒம்போதும் பொருந்தி ரஜ்ஜு தட்டிருச்சுன்னா அந்தக் கல்யாணம் இல்லை. வேற எதுக்கும் பரிகாரம் உண்டு. ரஜ்ஜுவுக்குப் பரிகாரமே கெடையாது."

இந்தக் கணக்கில் மகாபலேஸ்வரம் தோற்றது. மலைமேல் ரயில் போகாதாம். அங்கே ஸ்ட்ராபெரி கூடை கூடையாகக் கிடைத்து என்ன பிரயோசனம்! சிம்லாவுக்கு ரயில் உண்டு, ஆனால் நூறு சுரங்கத்துக்கு மேல். "மாப்பிள்ளை பொண்ணப் பாக்கப் போற வழி பூரா இருட்டு" என்று ஒரு பொருத்தத்தைக் குறைத்தார். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஓடிய சின்ன ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் பிடுங்கியபோது அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கொழும்பின் கல்யாணம் முறிந்துவிடுமே என்ற கவலை. அப்புறம் நானுஓயா வரைக்கும் ரயில் வருகிறதே, மிச்சம் நாலு மைல்தானே என்று தானே சமாதானம் செய்துகொண்டு ஒன்பது பொருத்தம் கொடுத்தார்.

நான் ஆசிரியப் பயிற்சிக்காகத் திருச்சியில் பதினான்கு மாதம் இருந்தவன். அந்தப் பெருமையில் ஒருநாள், "திருச்சிக்கு எது ஜோடி, சொல்லும் பார்க்கலாம்" என்றேன்.

"மலைக்கோட்டைதான்" என்றார்.

"அது ஊருக்கு நடுவில் அல்லவா இருக்கிறது?"

"அதான் மாஸ்டர், சொந்தத்துக்குள்ள கட்டுறது. கீழயும் அதே வெயிலு, மேலயும் அதே வெயிலு. புள்ள குட்டிக்கு ஆகாது."

பதினான்கு மாதம் அந்த வெயிலில் வெந்தவன் நான். பேச்சை மாற்றினேன்.

வேலாயி மட்டும் இந்த வித்தையை மதிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்புத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்: "கொழும்புக்காரங்க களைச்சுப் போனா நுவரெலியாவுக்கு வாராங்க. சரி. நாங்க களைச்சுப் போனா எங்க போறது?"

பக்கத்துக் காம்பரா ஆண்டியப்பன், "லிந்துலை ஆஸ்பத்திரிக்கு! பாயும் குடுப்பாங்க, கஞ்சியும் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். லயமே சிரித்தது. வேலாயி சிரிக்கவில்லை.

செல்லசாமி செய்த தப்பு ஒன்றே ஒன்று. மதராஸிலிருந்து வந்த ஒரு துரைசாணி சாப்பாட்டு மேசையில் அவரிடம், நீ ஊட்டிக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டிருக்கிறாள். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னீர் என்று பின்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டபோது அவர் சொன்னது இது:

"அதுவரைக்கும் எல்லாரும் தட்டத்தப் பாத்துத்தான் பேசுனாங்க மாஸ்டர். ஆமாம்னு சொன்ன ஒடனே அந்தம்மா என் மூஞ்சியப் பாத்துச்சு."

அன்றிலிருந்து அவர் எல்லா ஊருக்கும் போனவராகிவிட்டார்.

இது இப்படி இருக்க, நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் எல்லோருடைய வோட்டும் போய், ஊரும் போய், நாங்கள் யார் என்றே கேட்கிற காலம் வந்தது. இந்த நாட்டுப் பிரஜை ஆக வேண்டுமென்றால் மனுப்போட வேண்டும். இத்தனை வருஷம் தொடர்ந்து இங்கேயே இருந்தேன் என்று காட்ட வேண்டும். இடையில் ஒரு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் போய் இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்ததாக அர்த்தம், மனு தள்ளுபடி. செல்லசாமியின் மனுவிலேதான் வேலாயியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அவருக்குக் கிடைத்தால் நாலு பேருக்கும் ஊர். கிடைக்காவிட்டால் நாலு பேரும் அந்தரம்.

லயத்தில் எல்லோருடைய மனுவையும் நிரப்பியவன் நான்தான். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஆறு மாதம் என் விரலில் மை போகவில்லை. செல்லசாமியின் மனுவில், வெளிநாடு சென்றதுண்டா என்ற இடத்தில் இல்லை என்று பெரிதாக எழுதினேன். என்னுடையதில் திருச்சிப் பதினான்கு மாதத்தையும் மறைக்காமல் எழுதினேன்.

மூன்று வருஷம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தலவாக்கலையில் ஒரு மண்டபம். செல்லசாமி ஆறு மைலும் நடந்தே வந்தார். அவர் எப்போதும் எங்கேயும் நடந்துதான் போவார். "நடந்தாத்தான் ஊரு தெரியும் மாஸ்டர்" என்பார். நான் அதை ஒரு கொள்கை என்று நினைத்திருந்தேன்.

விசாரணை அதிகாரி கொழும்புக்காரர். தங்க ஃபிரேம் கண்ணாடி, வெள்ளைக் காற்சட்டை, பார்த்தால் மரியாதை வருகிற முகம். அன்றைக்கு அவருடைய மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நீங்களே சொல்லுங்கள் என்று என்னை நிறுத்திவிட்டார். பைபிளைத் தொட்டு, உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

அதிகாரி மனுவைப் புரட்டினார். செல்லசாமியை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். முகம் மலர்ந்துவிட்டது.

"நீயா! ஐம்பதாம் வருஷம் ஏப்ரலில் ஊசிமலைப் பங்களாவில் எனக்குத் தேநீர் ஊற்றியவன் அல்லவா? ஊட்டியைப் பற்றிச் சொன்னாயே!"

செல்லசாமியின் முகமும் மலர்ந்தது. மறுநிமிஷம் அதிகாரியின் முகம் சுருங்கியது. தான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும்.

"நாற்பத்தெட்டு ஏப்ரலில் ஊட்டியில் விடாத மழை, நாற்பத்தொன்பது ஏப்ரலில் நல்ல வெயில் என்று என்னிடம் சொன்னாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படியென்றால் இரண்டு ஏப்ரலும் நீ அங்கே இருந்திருக்கிறாய். ஒரு ஏப்ரல் முதல் மறு ஏப்ரல் முடிய எத்தனை மாதம்?"

நான் மொழிபெயர்த்தேன். செல்லசாமி விரலை மடக்கி எண்ணி, "பதிமூணுங்க" என்று சரியாகச் சொன்னார்.

அந்த மழையும் வெயிலும் இரண்டு வருஷமும் ஊட்டிக்குப் போய்வந்த ஒரு மதராஸ் துரை சொன்னவை. அதைச் சொல்லிப் பார்த்தேன். அதிகாரி கெட்டவர் இல்லை. ஒரு மாதம் தவணை கொடுத்தார். போகவில்லை என்பதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள் என்றார்.

போனதற்கு டிக்கெட் இருக்கும், முத்திரை இருக்கும். போகாததற்கு என்ன இருக்கும்? விடியலில் பெரட்டுக்கு வரிசையில் வந்து பேர் கொடுக்கிற ஆட்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் நாள்தோறும் பதிவு உண்டு. பங்களா வேலைக்காரருக்கு அதுவும் கிடையாது. விருந்தாளிகள் கையெழுத்திடுகிற புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். வருஷா வருஷம் செல்லசாமி அங்கே நின்று பரிமாறினார் என்பதற்கு அது போதும் என்று நம்பினேன். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் பாராட்டு. 'டார்ஜிலிங்கை இவர் என்னைவிட நன்றாக அறிவார். அங்கே பல காலம் வாழ்ந்தவர் என்பது தெளிவு' என்று ஒரு கல்கத்தாக்காரர் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார். புத்தகத்தை மூடி, வாங்கிய இடத்திலேயே ஓசைப்படாமல் வைத்துவிட்டு வந்தேன்.

மிச்சமிருந்தது சாட்சிதான். ஆண்டியப்பனைப் பிடித்தேன். "நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. செல்லசாமி எங்கும் போனதில்லை. அவ்வளவுதான்." அவரும் தலையாட்டினார். செல்லசாமியிடம், "என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்லும்" என்றேன்.

"தெரிஞ்சத எப்படி மாஸ்டர் தெரியாதுன்னு சொல்றது?"

"பிள்ளைகளை நினைத்துக்கொண்டு சொல்லும்!" என்று நான் கத்தியதில் அடுத்த லயத்து நாய் குரைத்தது.

விசாரணை நாள் வந்தது. வேலாயி பிள்ளைகள் இரண்டையும் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து, மண்டபத்தில் கடைசி வாங்கில் உட்கார்த்தி, தானும் உட்கார்ந்தாள். முதலில் ஆண்டியப்பன் கூண்டேறினார். அவ்வளவு பெரிய மண்டபம், மின்விசிறி, வெள்ளைக் காற்சட்டை எல்லாவற்றையும் பார்த்தவருக்கு நெஞ்சு விம்மிவிட்டது. அண்டை வீட்டுக்காரனைப் பற்றி இவ்வளவு பெரிய மனிதர் முன்னால் குறைத்துச் சொல்லுவதா?

"செல்லசாமி அண்ணன மாதிரி ஒரு ஆளு இந்த மலையிலயே இல்லைங்க ஐயா. அவரு போகாத ஊரே இல்லைங்க. டில்லி என்ன, கல்கத்தா என்ன! எல்லாம் வெரல் நுனியில வச்சிருக்காரு."

நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு மொழிபெயர்த்தேன். ஆண்டியப்பன் என்னைப் பார்த்து, எப்படி என்பதுபோலக் கண்ணடித்துவிட்டு இறங்கினார்.

அடுத்து செல்லசாமி. ஊட்டியில் ஏரி இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாதுங்க."

சொல்லும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஏரிக்கரையில் சவாரிக் குதிரை உண்டா?

"தெரியாதுங்க."

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதிகாரி காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "மதராஸில் ஏறினால் ரயில் நேரே ஊட்டியில் கொண்டுபோய் இறக்கிவிடும், இல்லையா?" என்றார்.

செல்லசாமி என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். பாவி மனிதன், முடியவில்லை.

"அதெப்படிங்க நேரா போகும்? மேட்டுப்பாளையத்துல எறங்கி மாறணும்! அங்கருந்து பல்லுச் சக்கர ரயிலு. எஞ்சின் முன்னால இழுக்காதுங்க, பின்னால நின்னு தள்ளும். ரஜ்ஜுவுக்கு மதராஸ் ஊட்டிய அடிக்க ஆளே கெடையாது. ஏரி ஊருக்குள்ள நொழையறப்பத் தெரியாது, எறங்கிப் போனாத்தான் தெரியும், அதுல ஒரு பொருத்தம் கொறையும். குதிரைங்க படகுத்துறைக்கு எடப்பக்கமா நிக்கும்."

"சரி" என்றார் அதிகாரி. "காலையில் பனி?"

"எட்டரை மணி வரைக்கும் இருக்கும். எங்க பனி மாதிரி ஈரம் இல்லைங்க."

"சரி. மிகவும் சரி" என்றார் அதிகாரி. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் தலை ஆனந்தமாக ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாலு பேருடைய ஊர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இருவரும் இரண்டு பழைய ஊட்டிவாசிகள் நீண்ட நாளைக்குப் பிறகு சந்தித்ததுபோல் பேசிக்கொண்டே போனார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மொழிபெயர்க்கிறவன் கேள்வி கேட்கக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோய்விட்டது.

"ஐயா, மன்னிக்க வேண்டும். இதெல்லாம் சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஐயா ஊட்டிக்குப் போயிருக்கிறீர்களா?"

அதிகாரியின் காது மடல்கள் சிவந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இல்லை" என்றார் கடைசியில். "இவன்தான் சொன்னான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கொழும்பில் என் நண்பர்களிடம் போய்வந்ததாகத்தான் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து இதை மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார்.

மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. பங்களா இங்கிலீஷ் இருந்ததே. செல்லசாமியின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

"ஐயாவும் போகலீங்களா!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு உண்மை புரிந்துவிட்டது, ஆனால் கோப்பில் எதையாவது எழுத வேண்டுமே? நானும் போனதில்லை என்று எழுத முடியுமா? சாட்சி வேறு டில்லி வரைக்கும் அனுப்பிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. வேறு ஏதாவது ஆதாரம், கண்ணுக்குத் தெரிகிற ஆதாரம் உண்டா என்று கேட்டார். அவர் குரல் கெஞ்சலாகவே இருந்தது.

கடைசி வாங்கிலிருந்து வேலாயி எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே மேசைக்கு வந்தாள்.

"சாமி, இந்த மனுசனக் கார்ல ஏத்திப் பாருங்க."

"வேலாயி, வாய மூடு!" என்று செல்லசாமி அலறினார். அவர் மனைவியை அதட்டி நான் கேட்டது அன்றுதான்.

"நான் ஏன் மூடணும்? பதினாறு வருஷமா மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். எங்க கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரையும் லொறியில ஏத்துனாங்க சாமி. ரோடு வளைஞ்ச ரெண்டாவது முடக்குல எறங்குனாரு இவரு. நான் வந்து லயத்துல ஒக்காந்து மூணு மணி நேரம் கழிச்சு நடந்து வந்து சேந்தாரு. பஸ்ஸு வாடையே ஆகாது. இந்தா இருக்கிற நுவரெலியாவக் கண்டதில்லை. இவரு கப்பல் ஏறி, ரயில் ஏறி, இன்னொரு ரயிலும் ஏறிப் போனாராம்! நடக்குற காரியமா?"

நடந்தால்தான் ஊர் தெரியும் என்ற கொள்கையின் ஆதி அந்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதை அதிகாரிக்கு மொழிபெயர்த்தேன். அவரும் நுவரெலியாவில்தான் தங்கியிருந்தார். அந்தப் பாதையில்தான் போக வேண்டும். கோப்பை எடுத்துக்கொண்டு, "வாருங்கள்" என்றார். ஆண்டியப்பனிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு அவருடைய காரில் ஏறினோம். அவர் ஓட்ட, செல்லசாமி முன்னால் அவர் பக்கத்தில். நானும் வேலாயியும் பின்னால்.

தலவாக்கலைப் பாலம் தாண்டும்வரை செல்லசாமி நிமிர்ந்தே இருந்தார். முதல் முடக்கில், சிம்லா ரோட்டு முடக்குகள் இதைவிட அகலம் என்று ஆரம்பித்தார். இரண்டாவது முடக்கில் ஒரு ஒப்பீட்டைப் பாதியில் நிறுத்தினார். வாழ்நாளில் அவர் அப்படி நிறுத்தியதே இல்லை. மூன்றாவது முடக்கில் நாலு பேருடைய ஊர் அதிகாரியின் வெள்ளைக் காற்சட்டையில் நிச்சயமானது. காலில் போட்டிருந்த சப்பாத்தும் தப்பவில்லை.

அதிகாரி காரை நிறுத்தினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. இறங்கி ஓடைத் தண்ணீரில் கையைக் கழுவினார். மதகுக் கட்டில் உட்கார்ந்து, முழங்கால்மேல் கோப்பை வைத்து எழுதினார். எழுதியதை எனக்கும் காட்டினார். 'விண்ணப்பதாரர் தீவை விட்டு வெளியேறும் உடல் நிலையில் எக்காலத்திலும் இருந்ததில்லை என்பதை நேரில் கண்டேன். திருப்தி.'

செல்லசாமி ரோட்டோரத்தில் புல்லில் உட்கார்ந்து அழுதார். வாந்தி எடுத்த களைப்பில் வந்த கண்ணீர் அல்ல அது. "நாலு பேருக்கு முன்னால என்ன ஒண்ணுமில்லாதவனா ஆக்கிட்டியே. இனிமே எவன் என் பேச்சக் கேப்பான்?"

வேலாயி முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். "எவனும் கேக்க வேணாம். புள்ளைங்களுக்கு ஊரு கெடைச்சிருச்சு, எந்திரிங்க" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து என் முறை வந்தது. அதே மண்டபம், அதே அதிகாரி, புதுக் காற்சட்டை. மனுவில் நானே எழுதியிருந்த பதினான்கு மாதத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "மாஸ்டர், உங்களுக்கும் வாந்தி ஏதாவது வருமா?" என்று கேட்டார்.

"வராது" என்றேன். சத்தியம் செய்திருந்தேனே. வந்தாலும் பயனிருந்திருக்காது. திருச்சியில் வாங்கிய சான்றிதழ் கோப்பிலேயே இருந்தது. எந்த ஊருக்கும் போகாத செல்லசாமி போனதாகச் சொல்லியும் தப்பினார். உண்மையில் போனவன், உண்மையைச் சொன்னவன், தள்ளுபடி ஆனேன். இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரையும் கோபித்துக்கொண்டேன்.

அடுத்த ஏப்ரலில் செல்லசாமி, வேலாயி, பிள்ளைகள் நாலு பேரும் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு ஒன்பது மைல் நடந்து நுவரெலியா பார்க்கப் போனார்கள். திரும்பி வந்ததும், எப்படி என்று கேட்டேன்.

"ஒரு பொருத்தத்தக் கொறைச்சுட்டேன் மாஸ்டர். அங்க போனா கொழும்பே வந்து ஏரியச் சுத்தி நிக்குது. மாப்பிள்ளையே பொண்ணு வீட்டுல வந்து குடியிருந்தா அப்புறம் என்ன மரியாதை?" ஆனாலும் வேலாயி ஏரியில் காலை நனைத்தாளாம். பிள்ளைகள் குதிரையைத் தொட்டுப் பார்த்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் எந்த ஊரோடும் ஒப்பிடவில்லை.

பிறகு அறுபத்து நாலில் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து ஊரில்லாத எங்களைப் பங்கு போட்டுக்கொண்டன. நான் இந்தியாவின் பங்கு. குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று தூரத்துச் சொந்தக்காரர் எழுதினார். மறு வருஷம் புறப்பட்டேன். நானுஓயா ஸ்டேஷனுக்குச் செல்லசாமி நடந்தே வந்தார். ரயில் பெட்டியைத் தொடாமல் இரண்டடி தள்ளி நின்றார்.

"மாஸ்டர், அங்கருந்து ஊட்டி பக்கந்தான். ஒரே ஒரு காரியம். குதிரைங்க எடப்பக்கமா வலப்பக்கமான்னு பாத்து எழுதுங்க."

அப்போதும் அதைத்தான் கேட்டார். நான் கோபித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரயில் நகர்ந்ததும் அவர் கூடவே ஓடி வந்தார். பிளாட்பாரம் முடியும்வரை வந்தார்.

வந்த முதல் லீவில் ஊட்டிக்குப் போனேன். பின்னால் நின்று எஞ்சின் தள்ளியது. ஏரி இறங்கிப் போனால்தான் தெரிந்தது. குதிரைகள் படகுத்துறைக்கு இடப்பக்கம் நின்றன. பனி எட்டரை மணிக்குக் கலைந்தது. அப்படியே எழுதிப் போட்டேன்.

போன மாதம் பதில் வந்தது. மகன் கையெழுத்து. என்னிடம் எழுதப் படித்தவன், அதனால் பிழை குறைவு. குதிரை விஷயத்தை லயம் முழுக்க வாசித்துக் காட்டியதாகவும், அப்பாவின் பேச்சை மறுபடியும் எல்லோரும் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தான். கடைசியில் இரண்டு வரி: 'அம்மா கேட்கச் சொன்னது. மதராஸ்காரங்க களைச்சுப் போனா ஊட்டிப் பக்கம் வாராங்க. அங்கேயே இருக்கிற மாஸ்டர் களைச்சுப் போனா எங்க போறாரு?'

வேலாயிக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. காகிதத்தை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நானே உட்கார்ந்து பொருத்தம் பார்த்தேன். மாப்பிள்ளை குன்னூர், பெண் லிந்துலை. தினம் பொருந்துகிறது, அதே குளிர். கணம் பொருந்துகிறது, அதே ஜனங்கள், அதே கூடை, அதே கொழுந்து. ஸ்திரீ தீர்க்கத்துக்குக் குறையில்லை, நடுவில் கடலே இருக்கிறது. வசியத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒன்பதும் பொருந்துகிறது, கடல்மேல் தண்டவாளம் இல்லாததால் ரஜ்ஜு தட்டுகிறது என்று எழுதினேன்.

அதற்குப் பரிகாரமே கிடையாது என்று செல்லசாமி சொன்னது மறக்கவில்லை. இருந்தாலும், புதிதாக ஏதாவது கேள்விப்பட்டீரா என்று கீழே ஒரு வரி சேர்த்துத் தபாலில் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை.